எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு: சென்னையில் பாலிசி எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பேரியாட்ரிக் சர்ஜரி எனப்படும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கிறவர்கள் வழக்கமாக ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் டாக்டர், பிறகு மருத்துவமனை, தேதி, செலவு மதிப்பீடு. எல்லாம் முடிந்த பிறகுதான் "இது இன்சூரன்ஸ்ல வருமா?" என்ற கேள்வி எழுகிறது. மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்கில் இதற்கு "வராது" என்று பதில் வரும்போது, செய்வதற்குப் பெரும்பாலும் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. ஏனென்றால் இந்தச் சிகிச்சைக்கு உதவும் பாலிசியை இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

ஆகவே வரிசையை மாற்றச் சொல்கிறேன். எடை ஏறிக்கொண்டே போகிறது, சர்க்கரையோ மூச்சுத் திணறலோ கூடவே வந்துவிட்டது, என்றாவது அறுவை சிகிச்சை வரை போகலாம் என்று தோன்றுகிறது என்றால், காப்பீட்டு வேலையை இன்றே தொடங்குங்கள். க்ளைம் கிடைப்பதும் கிடைக்காததும் பாலிசியின் பெயரிலோ ஏஜென்ட் சொல்லும் வார்த்தையிலோ இல்லை. பாலிசி ஆவணத்தில் இருக்கும் சில வரிகளும், உங்கள் டாக்டர் உங்கள் கோப்பில் எழுதி வைக்கும் சில வரிகளும்தான் அதை முடிவு செய்கின்றன. இரண்டையும் நீங்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

1. உங்கள் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) எவ்வளவு, விதி கேட்பது எவ்வளவு

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019-இல் மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளுக்கு, அதாவது எதற்கெல்லாம் பணம் கிடையாது என்பதற்கு, பொதுவான வாசகங்களை வகுத்தது. அதில் ஆறாவது விலக்கு உடல் பருமன் பற்றியது. பாலிசி ஆவணங்களில் 'எக்ஸ்சிஎல் 06' என்ற குறியீட்டோடு இருக்கும். இந்த விலக்கைத் தன் பாலிசியில் வைக்கிற நிறுவனம் அந்தப் பொது வாசகத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். "உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை கிடையாது" என்று அது ஒரேயடியாகச் சொல்லவில்லை. கீழ்க்கண்ட எல்லா நிபந்தனைகளும் நிறைவேறாத அறுவை சிகிச்சைக்குத்தான் பணம் கிடையாது என்கிறது:

அறுவை சிகிச்சையை டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும். அது ஏற்கப்பட்ட மருத்துவ நெறிமுறைப்படி செய்யப்பட வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35-க்குக் குறையாமல் இருந்து, கூடவே நான்கு தீவிர நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வகையினர், அறுவை அல்லாத எளிய வழிகளில் எடையைக் குறைக்க முயன்று பலன் கிடைக்காதவர்களாகவும் இருக்க வேண்டும்.

அந்த நான்கு நோய்கள்: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா (தீவிர நிலையில்), கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை நோய்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். இதில் முழங்கால் தேய்மானம் இல்லை. பிசிஓடி எனும் சினைப்பை நீர்க்கட்டி இல்லை. கல்லீரல் கொழுப்பு இல்லை. ரத்த அழுத்தமும் இல்லை. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காக டாக்டரிடம் போகிற பலரை அங்கே போகவைப்பது இவைதான். மருத்துவரீதியாக எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் பிஎம்ஐ 37, கூடவே பிசிஓடியும் மூட்டுவலியும் என்றால் இந்த வாசகத்தின்படி க்ளைம் நிற்காது. அதே 37-உடன் தீவிர ஸ்லீப் ஆப்னியா இருந்தால் நிற்கும்.

பிஎம்ஐ கணக்கு எளிது. எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். நம் ஊரில் உயரத்தை அடியில்தான் சொல்வோம் என்பதால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 5 அடி 4 அங்குலம் உயரமுள்ளவருக்கு 35 என்பது சுமார் 92.5 கிலோ, 40 என்பது சுமார் 106 கிலோ. 5 அடி 8 அங்குலம் என்றால் முறையே சுமார் 104, 119 கிலோ. உயரத்தைக் காலணி இல்லாமல் சரியாக அளந்துகொள்ளுங்கள். ஒரு அங்குல வித்தியாசம் பிஎம்ஐயை ஒரு புள்ளிக்கு மேல் மாற்றிவிடும். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு அதுவே போதும்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. டாக்டர்கள் பின்பற்றும் அளவுகோலும் காப்பீட்டு விதியும் ஒன்றல்ல. பேரியாட்ரிக் நிபுணர்களின் அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் 2022-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், பிஎம்ஐ 35 தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று இருக்கிறது. ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே அந்த வாய்ப்பைத் தரலாம் என்கிறது. நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதயக் கோளாறும் வந்துவிடுவதுதான் காரணம். ஆகவே உங்கள் டாக்டர் 33 பிஎம்ஐயில் "செய்துகொள்வது நல்லது" என்று சொன்னால் அவர் தவறாகச் சொல்லவில்லை. காப்பீட்டு விதி இன்னும் பழைய எண்களில் நிற்கிறது, அவ்வளவுதான். என் பார்வையில் இந்த விதி மாற வேண்டும். மாறும்வரை, 35-க்குக் கீழே இருப்பவர்கள் காப்பீட்டை நம்பித் தேதி குறிக்காமல் இருப்பதே நல்லது.

2. ஏற்கெனவே கையில் இருக்கும் காப்பீட்டைப் பாருங்கள்

புதிய பாலிசிக்குப் பணம் கட்டும் முன் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று ஐடி வழித்தடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அலுவலகம் எடுத்துத் தரும் குரூப் பாலிசி இருக்கும். பல குரூப் பாலிசிகளில் காத்திருப்புக் காலமே கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து எல்லா நோய்க்கும் பாதுகாப்பு. பேரியாட்ரிக் பற்றிய நிபந்தனையை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகப் பேசி முடித்திருக்கும். ஹெச்ஆரிடம் வாய்மொழியாகக் கேட்டால் போதாது. குரூப் பாலிசியின் முழு விதிமுறைகளை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, "பாலிசி விதிமுறைகள் வேண்டும்" என்றால் போதும். உடல் எடை பற்றி அலுவலகத்தில் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

குரூப் பாலிசியில் நல்ல பாதுகாப்பு இருந்தால், வேலை மாறும் முன் சிகிச்சையை முடிப்பதா என்று யோசிக்கலாம். வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் வசதி உண்டு, ஆனால் அதன் விதிகள் வேறாக இருக்கும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. இந்தத் திட்டம் சிகிச்சைப் பட்டியலை வைத்து நடப்பது. உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள திட்டக் கவுன்டரிலும் கேட்கலாம். தனியாரில்தான் இது நடக்கும் என்று நினைத்துக் கடன் வாங்க ஓடாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலேயே எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைகள் செய்திருக்கிறார்கள்.

மாநில அரசு ஊழியர்கள், மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் மருத்துவத் திட்டப் பயனாளிகள், இஎஸ்ஐ உள்ளவர்கள் எல்லாருக்கும் தனித்தனி விதிகள். அனைத்திலும் முன் அனுமதி கேட்டுப் பெறுவதுதான் முதல் வேலை.

3. பாலிசி ஆவணத்தை வாங்கிப் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விளம்பர நோட்டீசையும், ஏஜென்ட் அனுப்பும் ஒப்பீட்டு அட்டவணையையும் ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் பாலிசியின் முழு விதிமுறைகள் கிடைக்கும். கூடவே வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று உண்டு. எது கிடைக்கும், எது கிடைக்காது, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எளிமையாக இருக்கும். இந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள். வீட்டில் பிரீமியம் கட்டுகிறவர் அம்மாவோ அப்பாவோ என்றால் அவர்களும் படித்துப் புரிந்துகொள்ளட்டும்.

ஆவணத்தில் முதலில் 'எக்ஸ்சிஎல் 06' எங்கே என்று தேடுங்கள். பொது வாசகம் அப்படியே இருந்தால், நிபந்தனைகள் பொருந்தும் பட்சத்தில் பாலிசி பணம் தரும் என்று பொருள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். 'பேரியாட்ரிக்' என்ற சொல்லை ஆவணம் முழுக்கத் தேடுங்கள். சில பாலிசிகள் இதைத் தனிச் சலுகையாகப் போட்டு, அதற்கென்று ஒரு உச்சவரம்பும் வைத்திருக்கும். உங்கள் காப்பீட்டுத் தொகை 10 லட்சமாக இருந்தாலும், பேரியாட்ரிக்குக்கு இரண்டரை லட்சம் என்று சப்-லிமிட் இருந்தால் அவ்வளவுதான் கிடைக்கும். அந்த வரம்புக்குள் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களும் அடக்கமா என்று பாருங்கள். தையல் இடத்தில் கசிவு, ரத்தக்கசிவு என்று சிலருக்கு மறுபடி அட்மிட் ஆக வேண்டி வரும். செலவு எகிறுவது அப்போதுதான்.

அடுத்தது காத்திருப்புக் காலம். மூன்று விதமான காத்திருப்பு உண்டு, மூன்றும் உங்களுக்குப் பொருந்தலாம். புதிய பாலிசியில் முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் கிடையாது. குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கென்று தனிக் காத்திருப்பு உண்டு. பேரியாட்ரிக்கை இந்தப் பட்டியலில் வைக்கும் பாலிசிகள் இருக்கின்றன. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இன்னொன்று. 2024-இல் ஐஆர்டிஏஐ இதன் உச்ச அளவை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. உங்களுக்குச் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, அதைக் காரணம் காட்டித்தான் அறுவை சிகிச்சைக்கு க்ளைம் கேட்கப்போகிறீர்கள் என்றால், அந்தக் காத்திருப்பு முடிந்தாக வேண்டும். கூடுதல் பிரீமியம் கட்டினால் இந்தக் காலத்தைக் குறைத்துத் தரும் பாலிசிகளும் உண்டு. அந்தச் சலுகை பேரியாட்ரிக்குக்கும் செல்லுமா, அல்லது சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற சில நோய்களுக்கு மட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் ரூம் ரென்ட். சாதாரண விஷயமாகத் தோன்றும், ஆனால் பில்லைப் பாதியாக வெட்டக்கூடியது. 5 லட்சம் ரூபாய் பாலிசியில் ஒரு நாள் அறை வாடகை 1 சதவீதம் என்று இருந்தால் வரம்பு 5,000 ரூபாய். நீங்கள் 10,000 ரூபாய் அறையில் தங்கினால், கூடுதல் வாடகையை மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. சர்ஜன் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக்கிவிடுவார்கள். அந்தக் கட்டணங்கள் 2,40,000 என்றால் 1,20,000 உங்கள் கையிலிருந்து. மருந்து, பரிசோதனை, உபயோகப் பொருட்கள் இந்த வெட்டில் வராது என்பதுதான் ஒரே ஆறுதல். என்னைக் கேட்டால் இந்த அறுவை சிகிச்சையை மனதில் வைத்துப் பாலிசி எடுப்பவர் அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசியைத்தான் எடுக்க வேண்டும். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் சரி.

ரோபோட்டிக் முறையில் செய்யலாம் என்று மருத்துவமனை சொன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ரோபோட்டிக் அறுவை சிகிச்சையை நவீன சிகிச்சைகள் என்ற பிரிவில் வைத்து, அதற்குத் தனி உச்சவரம்பு போடும் பாலிசிகள் இருக்கின்றன. அதே சிகிச்சையைச் சாதாரண லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் முறை) செய்தால் அந்த வரம்பு குறுக்கே வராது.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின் இரண்டு வகைகளான ஸ்லீவ் (இரைப்பையைச் சிறிதாக்குவது), பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி உணவுப் பாதையையும் மாற்றுவது) இரண்டிலும் இரைப்பையை வெட்டித் தைக்க ஸ்டேப்ளர் என்ற கருவியும் அதற்கான கார்ட்ரிட்ஜ்களும் பயன்படும். பில்லில் அவை ஒரு பெரிய பங்கு. கையுறை, முகக்கவசம் மாதிரியான சில்லறைப் பொருட்களுக்குப் பணம் தராத பட்டியல் ஒன்று எல்லாப் பாலிசிகளிலும் பின்னிணைப்பாக இருக்கும். அதைப் புரட்டிப் பாருங்கள். உபயோகப் பொருட்களுக்கான கூடுதல் பாதுகாப்பை ரைடராக எடுக்க முடிந்தால் எடுங்கள்.

ஊரில் முகவரி வைத்து, சென்னையில் சிகிச்சை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பாலிசிகள் நகரங்களை மண்டலங்களாகப் பிரித்து பிரீமியம் போடுகின்றன. விழுப்புரத்தில் குறைந்த பிரீமியத்துக்கு எடுத்த பாலிசியைக் கொண்டு சென்னை மருத்துவமனையில் சேர்ந்தால், பில்லில் ஒரு பகுதியை நீங்களே கட்ட வேண்டும் என்ற கோ-பே விதி அதில் இருக்கலாம்.

பாலிசிகளில் பெரும்பாலும் கிடைக்காதவையும் உண்டு, அவற்றுக்குச் சேமிப்பை ஒதுக்குங்கள். கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்‌ஷன் அழகு சிகிச்சையாகக் கருதப்படும்; எடை குறைந்த பிறகு தொங்கும் தோலை அகற்றும் அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் அப்படித்தான். வயிற்றுக்குள் வைக்கும் பலூன் அறுவை சிகிச்சையே அல்ல என்று மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். புரதப் பவுடர், சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய ஊட்டச்சத்து மருந்துகள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு பி12, இரும்பு, கால்சியம் வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் என்பதால் இது சின்னச் செலவல்ல.

அடிப்படைப் பாலிசிக்கு மேல் ஆகும் செலவுக்கான கூடுதல் பாலிசியான சூப்பர் டாப்-அப் எடுத்து வைத்தால் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், அந்த டாப்-அப்பின் ஆவணத்திலும் இதே சொற்களைத் தேட வேண்டும். அடிப்படைப் பாலிசி தருகிறது என்பதற்காக டாப்-அப்பும் தரும் என்று இல்லை.

4. படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

விண்ணப்பப் படிவத்தில் உயரம், எடை கேட்பார்கள். 108 கிலோவை 88 என்று எழுதச் சொல்லும் ஏஜென்ட்கள் உண்டு. "பாலிசி வரணும்ல சார்" என்பார்கள். செய்யாதீர்கள். இரண்டு வருடம் கழித்து பிஎம்ஐ 40 என்று க்ளைம் கேட்கும்போது, படிவத்தில் எழுதிய எடையோடுதான் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எடையும் சர்க்கரையும் மறைக்கப்பட்டன என்று தெரிந்தால் க்ளைம் போவதோடு பாலிசியும் ரத்தாகலாம். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி ஓடிய பிறகு, மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்ததைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்ற விதி இருக்கிறது. அதை நம்பி மறைப்பது ஐந்து வருடம் பயத்தோடு பிரீமியம் கட்டுவதுதான்.

உண்மையை எழுதினால் என்ன ஆகும்? மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிடலாம். பிரீமியத்தைக் கூட்டலாம். சில நிறுவனங்கள் விண்ணப்பத்தையே நிராகரிக்கும். மனசு கஷ்டப்படும்தான். ஆனால் ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்று கூடுதல் பிரீமியத்தோடு ஏற்கலாம். சென்னையில் இதற்கு ஒரு வசதி உண்டு. பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா, தனியாரில் ஸ்டார் ஹெல்த், ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்எஸ் என்று பல நிறுவனங்களின் தலைமையகமே இந்த ஊரில்தான். நேரில் போய்ப் பேசலாம். பேசியதை அன்றே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இணைத்திருக்கும் விண்ணப்பப் படிவ நகலைப் பாருங்கள். ஏஜென்ட் நீங்கள் சொன்னதை மாற்றி எழுதியிருக்கலாம். தவறு இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். பாலிசியே பிடிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

ஏற்கெனவே வேறு பாலிசி ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுப் புதிதாக எடுக்காதீர்கள். போர்ட் செய்யுங்கள், அதாவது அதையே வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பாலிசியில் காத்திருந்த காலம், பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குப் புதியதிலும் கணக்கில் சேரும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது; முன்பு அதில் 18 சதவீதம் போய்க்கொண்டிருந்தது. மிச்சமாகும் பணத்தில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டிக்கொள்வது நல்ல யோசனை.

5. காத்திருக்கும் காலத்தில் கோப்பைச் சேருங்கள்

காத்திருப்பு முடியும்வரை சும்மா இருக்கக் கூடாது. "எளிய வழிகளில் முயன்றும் பலனில்லை" என்ற நிபந்தனையை எப்படி நிரூபிப்பீர்கள்? நடைப்பயிற்சியும், ராத்திரி சாதத்தை நிறுத்தியதும் உங்களுக்கும் வீட்டாருக்கும் தெரியும். காப்பீட்டு நிறுவனத்துக்குக் காகிதம்தான் தெரியும்.

ஒரு டாக்டரிடம், முடிந்தால் ஒரே டாக்டரிடம், தொடர்ந்து போங்கள். போகும்போதெல்லாம் எடையையும் பிஎம்ஐயையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். உணவியல் நிபுணரின் ஆலோசனைச் சீட்டுகளைத் தேதியோடு வையுங்கள். 2025-இல் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி போன்ற எடைக் குறைப்பு ஊசிகளை டாக்டர் பரிந்துரைத்து, அவை ஒத்துக்கொள்ளாமலோ போதிய பலன் தராமலோ போயிருந்தால், அந்தச் சீட்டும் முக்கியமான சான்று. அந்த ஊசிகளின் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தராது, ஆனால் அந்தப் பதிவு பின்னால் கைகொடுக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை) முடிவுகளை வரிசையாக அடுக்கி வையுங்கள். விதியில் கட்டுக்குள் வராத சர்க்கரை என்பதற்கு எண் எதுவும் தரப்படவில்லை. அதனால் மருந்தைச் சரியாக எடுத்தும் அளவு இறங்கவில்லை என்று டாக்டர் தன் கைப்பட எழுதுவதுதான் பலம்.

குறட்டை பலமாக இருக்கிறது, பகலில் தூக்கம் தள்ளுகிறது என்றால் தூக்கப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இரவு முழுக்க மூச்சைக் கண்காணித்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று அதில் எண்ணுவார்கள். 30 அல்லது அதற்கு மேல் என்றால் தீவிர நிலை. பிஎம்ஐ 35-க்கும் 40-க்கும் இடையில் இருக்கும் எத்தனையோ பேருக்குத் தங்களுக்கு இந்த நோய் இருப்பதே தெரியாது. க்ளைமை விடுங்கள், தெரிந்துகொண்டால் உயிருக்கே நல்லது.

6. மருத்துவமனையும் முன் அனுமதியும்

கேஷ்லெஸ் பட்டியலில் (காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் மருத்துவமனைகளின் பட்டியல்) இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் உயிரிழந்தார். சுகாதாரத் துறை விசாரணை நடத்தியது. தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா, இரவிலும் மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, சர்ஜன் இந்த அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து செய்கிறவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் இடம் உங்களுக்கான இடமல்ல. செலவு கொஞ்சம் குறைகிறது என்பதற்காக இதில் சமரசம் வேண்டாம்.

இடம் முடிவானதும், தேதிக்கு ஒரு வாரம் முன்பே முன் அனுமதி விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லுங்கள். மூன்று நாட்களுக்கு முன் அனுப்பினால் போதும் என்பார்கள். இந்தச் சிகிச்சைக்குக் கேள்விகள் நிச்சயம் வரும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும். டாக்டரின் கடிதத்தில் உயரம், எடை, பிஎம்ஐ, கூட உள்ள நோய், இதுவரை முயன்ற வழிகள், எந்த அறுவை சிகிச்சை, ஏன் என்று எல்லாம் இருக்க வேண்டும். "மார்பிட் ஒபிசிட்டி (தீவிரப் பருமன்), ஸ்லீவ் செய்ய வேண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதிய கடிதம் மறுப்பை வரவழைக்கும். நீங்கள் சேர்த்த கோப்பின் நகலை இன்சூரன்ஸ் டெஸ்கில் நீங்களே கொடுங்கள்; அங்கே இருப்பவர்கள் நாளெல்லாம் நூறு கோப்பு பார்க்கிறவர்கள்.

முன் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-இல் வந்த விதி. முன் அனுமதியில் ஒப்புக்கொண்ட தொகை இறுதி பில்லில் குறையலாம் என்பதையும் மனதில் வையுங்கள். மருத்துவமனைக்கு முன்பணம் கட்டும்போது, திரும்பி வரும் தொகை எவ்வளவு, எப்போது என்று எழுதி வாங்குங்கள்.

அட்மிஷனுக்கு முன் எடுக்கும் எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். க்ளைம் ஏற்கப்பட்டால், பாலிசியைப் பொறுத்து 30 அல்லது 60 நாட்களுக்கு முந்தைய செலவும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாட்களோ அதற்கு மேலோ ஆன செலவும் தனியாகக் கிடைக்கும். இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

7. மறுத்துவிட்டால்

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது என்றால் க்ளைமே முடிந்தது என்று அர்த்தமில்லை. பணம் கட்டிச் சிகிச்சை எடுத்து, பிறகு திரும்பக் கேட்கலாம். ஆனால் மறுப்புக்கான காரணத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஆவணம் போதவில்லை என்றால் சேர்த்துக் கொடுத்தால் தீரும். காத்திருப்புக் காலம் முடியவில்லை என்றால் பணம் கட்டியும் பயனில்லை. உடல்நிலை அனுமதித்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைப்பதே மேல்.

மறுப்பு எப்போதும் எழுத்தில், எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட்டு வர வேண்டும். தொலைபேசியில் சொன்னதை ஏற்காதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், இருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அந்த அலுவலகம் அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள்.

மனுவில் கோபத்தைக் கொட்ட வேண்டாம். 'எக்ஸ்சிஎல் 06'-இன் ஒவ்வொரு நிபந்தனையையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடம் இருக்கும் காகிதத்தின் தேதியைக் குறிப்பிடுங்கள். நிறுவனத்திடமிருந்து மறுப்பு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.